பூவரசைக் காப்பாற்றிய அண்ணனுக்கு நன்றி

மண்டபம் ஊரில் எங்கள் தெருப் பூவரசில் முறிந்து தொங்கிய கிளையை வெட்ட வந்த பேரூராட்சி அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பேர் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கரண்ட் நிறுத்தியாச்சா என்று மறுபடியும் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் ஏணியில் கால் வைத்தார். கயிறு கட்டி, முதலில் கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்தார். அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தார். இல்லாவிட்டால் கிளை விழும்போது அடிமரம் வரை பட்டை உரிந்துவிடும். மிச்சக் கட்டையையும் அடிமரத்தை ஒட்டச் சீவாமல், கிளை கிளம்பும் இடத்தில் புடைத்திருக்கும் கணுவை விட்டுத்தான் வெட்டினார். காயம் ஆறுவது அங்கிருந்துதான். உப்புக்காற்றில் ஒரு நிழல்மரம் தேறுவதே பெரிய விஷயம், அதை மொட்டையடிக்காமல் விட்டாரே!

தழையை ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கி, தெருவைக் கூட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள். அண்ணே, அடுத்த தடவை வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுத்தான் போகணும்.