நடைபாதைக்குக் குரோஷே நிழற்பந்தல்: அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
குழுப் பொறுப்பாளர்,
செவ்வாய்க்கிழமை குரோஷே பின்னல் குழு,
புளோக் கீழ்த்தளம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
நகர மன்றம், சிங்கப்பூர்.

பொருள்: எங்கள் இரண்டு அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே கூரையில்லாமல் கிடக்கும் நடைபாதையில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கொக்கி ஊசியால் (குரோஷே) கையால் பின்னிய நிழற்பந்தல் கட்ட அனுமதி வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். முதலில் ஒரு தவறை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் இதே நடைபாதையின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நாங்கள் வண்ண நூலில் உறை பின்னி மாட்டினோம். நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. யார் எடுத்தார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. யாரையும் கேட்காமல் மாட்டியது நாங்கள்தானே. அதனால் இந்த முறை ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே உங்களிடம் வருகிறோம்.

அந்தப் பாதை சுமார் 18 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் கூரை முதல் புளோக்கோடு நின்றுவிடுகிறது. 2013 முதல் 2018 வரை நாடு முழுவதும் 200 கிலோமீட்டருக்கு மேல் கூரை நடைபாதை கட்டினார்கள். அதன் பயனை நாங்களும் அனுபவிக்கிறோம், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பேட்டையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் ஈரச்சந்தைக்குப் போய்வரும் முதியவர்களும் நடப்பது இந்த விட்டுப்போன 18 மீட்டரில். மார்ச் மாதக் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. அப்போது மதியம் ஒரு மணி வாக்கில் புளோக் நிழல் புளோக்குக்குள்ளேயே ஒடுங்கிவிடும், நம் நிழல் காலடியில் கிடக்கும். பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதும் கிட்டத்தட்ட அந்த நேரம்தான். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானதே, அன்று பிற்பகல் என் பேரன் அந்த இடத்தை ஓடியே கடந்தான்.

இனி யோசனைக்கு வருகிறேன். இது எங்கள் மூளையில் உதித்ததல்ல. ஸ்பெயினில் மலாகாவுக்குப் பக்கத்தில் அல்ஹவுரின் டெ லா டோரே என்று ஓர் ஊர். அங்கே ஏவா பச்சேகோ என்ற குரோஷே ஆசிரியையும் அவரிடம் கற்றுக்கொள்ளும் பெண்களும் சேர்ந்து கடைத்தெருவுக்கு மேலே 500 சதுர மீட்டர் பந்தல் பின்னித் தொங்கவிட்டார்கள். அதே நாட்டில் வால்வெர்டெ டெ லா வேரா என்ற சிறிய கிராமத்தில், கட்டடக் கலைஞர் மரினா ஃபெர்னாண்டஸ் ராமோஸ் தொடங்கிவைத்த முயற்சியில், ஊர்ப் பெண்கள் பழைய பிளாஸ்டிக் பைகளைக் கீற்றுகளாக வெட்டிப் பின்னி, கோடையில் தெருவுக்கு நிழல் தருகிறார்கள். நாங்கள் கேட்பது அந்த முதல் பந்தலில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான்: 54 சதுர மீட்டர்.

ஆனால் அவர்கள் கோடை வறண்ட கோடை. நம்முடையது அப்படியா? வெயிலும் மழையும் ஒரே பிற்பகலில் வந்துபோகும். அதனால் மூன்று வாரம் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒரு சதுரத்தைப் பருத்தி நூலிலும் இன்னொன்றைப் பிளாஸ்டிக் பைக் கீற்றிலும் பின்னி, என் வீட்டுத் துணி காயப்போடும் கழியில் தொங்கவிட்டோம். பருத்தி மழையில் ஊறிக் கனத்துத் தொங்கியது, மூன்றாம் வாரம் கரும்புள்ளி பிடித்து ஒரு வாடையும் அடித்தது. பிளாஸ்டிக் சதுரத்தை உதறினால் தண்ணீர் போய்விட்டது. இரண்டையும் இந்த மனுவோடு வைத்திருக்கிறேன். பருத்திச் சதுரத்தை முகர்ந்து பார்க்க வேண்டாம்.

பிளாஸ்டிக்கிலும் குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வெயிலில் நாளாக ஆக அது மொடமொடத்து உதிரத் தொடங்கும். நெருப்புக்கும் ஆகாது. அதனால்தான் மூன்று மாதம் மட்டும் கேட்கிறோம். பிப்ரவரி இங்கே மழை குறைந்த மாதம். ஏப்ரல் கடைசியில் கழற்றிவிட்டால், சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் அடிக்கும் பலத்த காற்று தொடங்கும் சமயத்தில் பந்தல் கீழே வந்துவிடும். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீன அண்டைவீட்டார் காகிதம் எரித்து வழிபடும்போதும் தலைக்கு மேலே எதுவும் இருக்காது. கொசுவைப் பற்றியும் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். பின்னலில் கண்ணுக்குக் கண் ஓட்டை. நடுவில் தொய்வில்லாமல் இழுத்து, ஒரு பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டினால் தண்ணீர் தேங்க இடமில்லை.

பைகளுக்கு எங்கே போவீர்கள் என்று என் மருமகள் கேட்டாள். 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் சேர்த்துவைத்தவை ஒவ்வொரு வீட்டுச் சமையலறை அலமாரியிலும் அடைந்து கிடக்கின்றன. என் வீட்டில் மட்டும் ஒரு அரிசிச் சாக்கு நிறைய.

குழுவில் 14 பேர். பெரும்பாலும் தமிழர்கள், மூன்று மக்சிக் (மலாய் அம்மாக்கள்), இரண்டு சீன ஆன்டிகள். 30 சென்டிமீட்டர் சதுரமாக 600 துண்டுகள் வேண்டும், ஆளுக்கு 43 வரும். வாரத்துக்கு இரண்டு பின்னினால் ஐந்து மாதத்தில் முடியும். எங்களில் பலர் பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் கொக்கி ஊசி பிடிக்கக் கற்றவர்கள். இத்தனை வருடமும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு விரிப்பு பின்னினோம். இப்போதைய தொலைக்காட்சியில் விரிப்புப் போட இடமில்லை. அப்புறம், முழங்கால் வலியால் வீட்டைவிட்டு இறங்காத இருவர் இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் கீழே வருகிறார்கள்.

உங்களிடம் வேண்டுவது இதுதான். உங்கள் தொழில்நுட்ப அதிகாரி ஒருவர் வந்து இடத்தைப் பார்த்து, கம்பிவடம் எதில் கட்டலாம், எவ்வளவு உயரத்தில் கட்டலாம் என்று சொல்ல வேண்டும். விளக்குக் கம்பத்திலோ புளோக் சுவரிலோ நாங்களாகக் கை வைக்க மாட்டோம். கம்பிவடத்தையும் தூண்களையும் உங்கள் ஒப்பந்தக்காரர் பொருத்தித் தர வேண்டும், அது எங்களால் ஆகிற வேலையல்ல. பின்னும் செலவு எங்களுடையது. இது தீயணைப்பு வண்டி நுழையும் பாதையல்ல, ஆனாலும் குடிமைத் தற்காப்புப் படையின் கருத்தைக் கேட்டுச் சொல்லுங்கள். தீப்பற்றாத பூச்சு வேண்டும் என்றால் பூசுகிறோம். பிளாஸ்டிக்கே கூடாது என்றால் வேறு எதில் பின்னலாம் என்றாவது சொல்லுங்கள். 600 சதுரம் பின்னிய பிறகு கூடாது என்று கேட்பதைத்தான் எங்களால் தாங்க முடியாது.

தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் வண்டிகள் ஓடும்போதே மேலே அலங்கார வளைவுகள் நிற்கின்றன. 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் குடியிருப்பாளர்களே பாத்தி கட்டிப் பராமரிக்கிறார்கள். ஆகவே இது நடக்காத காரியமல்ல என்று நம்புகிறோம். வாரம் ஒருமுறை பந்தலைச் சரிபார்த்து, கிழிந்த சதுரத்தை மாற்றும் பொறுப்பை எழுத்தில் தரத் தயார்.

ஆங்கிலப் படி ஒன்றைப் பேரன் எழுதி இணைத்திருக்கிறான். அதில் பருத்தி வாடையை விட்டுவிட்டான்.

செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்குக் கீழ்த்தளக் கல்மேசையில் இருப்போம். அதிகாரி எந்தச் செவ்வாய் வந்தாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழுப் பொறுப்பாளர்

இணைப்பு: மாதிரிச் சதுரங்கள் 2, நடைபாதையின் கைவரைபடம், இரு புளோக் குடியிருப்பாளர்களின் கையெழுத்துகள், ஆங்கிலப் படி.