மகனிடம் அல்ல, அவரிடமே கேளுங்கள்: டிமென்ஷியா பராமரிப்பு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்களையும் டிமென்ஷியா (மறதி நோய்) பராமரிப்பு மையங்களையும் நடத்தி வருவோருக்கு,

வணக்கம்.

சேர்க்கைப் படிவத்தைப் பெரும்பாலும் மகனோ மகளோதான் நிரப்புகிறார்கள். எத்தனை மணிக்குக் குளியல், காலையில் காபியா கஞ்சியா, அறையில் யாருடன் தங்குவது என எல்லாமே அவர்கள் சொல்படிதான். அங்கே வாழப்போகிறவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார்; அவரை யாரும் கேட்பதில்லை. நினைவாற்றல் சோதனையில் மதிப்பெண் குறைவு என்பார்கள். ஒருவருக்கு எது பிடிக்கும், எது பயம் என்பதை அந்தச் சோதனை அளப்பதே இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகளையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதன் 4ஆம் பிரிவின்படி, சிகிச்சை பற்றிய தன் முடிவை ஒருவர் பேச்சால்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. சைகையும் முகக்குறிப்பும் செல்லும். விவரத்தை அவருக்குப் புரியும் எளிய மொழியிலோ படங்கள் மூலமோ சொல்ல வேண்டும். அவர் முடிவு நமக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறனில்லை என்று தள்ளிவிட முடியாது. வங்கிக் கணக்கைக் கவனிக்க முடியாதவரும், தன்னை யார் குளிப்பாட்டலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பம் கூடும்; காலை உணவு முடிந்து பத்து, பதினொரு மணி வாக்கில் கேளுங்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுங்கள். காது கேட்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். டிவியை அணைத்துவிட்டு, அவர் கண் மட்டத்தில் எதிரே உட்காருங்கள். "என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலை அவர் நினைவிலிருந்து தேட வேண்டும், அவருக்குக் கடினமே அதுதான். இட்லியையும் உப்புமாவையும் தட்டில் காட்டிக் கேளுங்கள். பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வராவிட்டால் அதே வாக்கியத்தை அதே சொற்களில் திரும்பச் சொல்லுங்கள். சொற்களை மாற்றினால் அது அவருக்குப் புதுக் கேள்வி ஆகிவிடும்.

பேச்சு குறைந்தவர்களுக்கு ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான 'டாக்கிங் மேட்ஸ்' முறை உதவும். ஒரு விரிப்பின் மேல்பக்கம் பிடிக்கும், பரவாயில்லை, பிடிக்காது என மூன்று அடையாளங்கள். படங்களை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்தால் உரிய இடத்தில் வைப்பார். இணையத்துப் படங்களைவிட உங்கள் குளியலறை, திண்ணை, சாப்பாட்டுக் கூடம் ஆகியவற்றைச் செல்போனில் எடுத்து அச்சிடுவது நல்லது. ஒரு தடவைக்கு ஒரே விஷயம், பத்துப் பன்னிரண்டு படம் போதும். முடிந்ததும் விரிப்பைப் படமெடுத்துத் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள்.

சறுக்கும் இடங்களும் உண்டு. சிலர் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்வார்கள். சிலர் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்பார்கள். வரிசையை மாற்றி இன்னொரு நாள் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் அதை நம்பலாம். மகன் முந்திக்கொண்டு பதில் சொல்வதும் வழக்கம்தான்; மகனிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

நோய் முற்றியவரின் மறுப்பும் ஒரு பதில்தான். குளிக்க மாட்டேன் என்று கையைத் தட்டிவிட்டால், "அடம்" என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடாதீர்கள். எந்த நேரம், யார் குளிப்பாட்டினார், தண்ணீர் எவ்வளவு சூடு, எந்த நொடியில் தட்டிவிட்டார் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மூட்டுவலியோ சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் திடீரென்று ஊற்றும் தண்ணீர் பலரைப் பதறவைக்கும். தோளில் துண்டைப் போர்த்தி, பாதத்திலிருந்து தொடங்கி, சொம்பை அவர் கையிலும் கொடுத்துப் பாருங்கள். பெண்களுக்குப் பெண் பணியாளர் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நோய் ஆரம்ப நிலையில் இருப்பவருக்குச் சட்டம் இன்னும் ஒரு வழி தருகிறது. தன் சார்பில் பேச யார் வேண்டும் என்பதை 14ஆம் பிரிவின்படி வெறும் வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். பின்னர் மாற்றவும் செய்யலாம். சேர்க்கையின்போதே இதைச் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட்டால் அவரால் எழுத முடியாமல் போய்விடலாம்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இது. பராமரிப்புத் திட்டத்தின் முதல் பக்கத்தில் மூன்று கட்டங்களைச் சேருங்கள்: அவரிடம் கேட்டது யார், எந்தத் தேதியில், எப்படிப் பதில் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தைப் பார்க்கும்போது அவரும் அந்த மேசையில் இருக்கட்டும். கட்டங்கள் காலியாக இருந்தால் திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
டிமென்ஷியா பராமரிப்புப் பணியில் இருப்போர்