ஆர்க்கெஸ்ட்ரா வகுப்பைக் கைவிட்டுவிடாதீர்கள்: நம் ஊர்த் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

இங்கே அமெரிக்காவில் நம் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் ஆர்க்கெஸ்ட்ரா (வயலின், செல்லோ போன்ற மேற்கத்திய வாத்தியக் குழு) ஆசிரியர் வரும் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். 27 ஆண்டு வேலை. அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கப்போவதில்லை என்று பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டின் பட்ஜெட்டில் போட்டிருக்கிறார்கள். 11, 12ஆம் வகுப்புகளில் ஆர்க்கெஸ்ட்ரா எடுக்கும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். உண்மைதான். குறைந்ததில் நமக்கும் பங்கு உண்டு என்பதால்தான் போர்டுக்கு முன் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏபி என்னும் கல்லூரித் தர வகுப்பில் ஏ வாங்கினால் ஜிபிஏ என்னும் மதிப்பெண் சராசரிக் கணக்கில் 5, ஆர்க்கெஸ்ட்ராவில் வாங்கினால் 4. இந்தக் கணக்கைப் பார்த்து என் மூத்தவனை 11ஆம் வகுப்பில் நான்தான் நிறுத்தினேன். ஆறு வருடம் வாசித்த செல்லோவைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று அவன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவன் பட்டியலில் ஒரு ஏபி கூடியது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

அந்த ஆசிரியர் என்ன செய்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு கச்சேரி நாட்களில் நாற்காலி போட உதவப் போய்த்தான் பார்த்தேன். முதல் மணி அடிக்கும் முன்பே வந்து, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வயலின்களை ஒவ்வொன்றாகச் சுருதி கூட்டி வைப்பார். விரல் வைக்கும் இடம் தெரிய மெல்லிய டேப் ஒட்டுவார். அறுந்த தந்தியை மாற்றுவார். வாத்தியத்துக்கு வாடகை கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, வேறு யாருக்கும் தெரியாமல் பள்ளியின் வாத்தியத்தைக் கொடுத்தனுப்புவார். தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் 4ஆம் வகுப்புக் குழந்தைகளிடம் வாசித்துக் காட்டி ஆள் சேர்ப்பதும் அவரேதான்.

நம்மில் ஒருவர் மகள் கர்நாடக வயலின் கற்றவள். தரையில் அமர்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகியவள். நாற்காலியில் உட்கார்ந்து தாடையில் இடுக்கி வாசிக்க முடியாமல் முதல் வாரம் அழுதாள். ஆசிரியர் ஒரு நாள் மொத்த வகுப்பையும் தரையில் உட்கார வைத்து, அவள் விரல் கமகத்துக்கு எப்படிச் சறுக்குகிறது என்று பார்க்கச் சொன்னார். பாலுசுவாமி தீட்சிதர் 200 ஆண்டுகளுக்கு முன் மேற்கத்திய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்த கதையை அன்று வகுப்புக்குச் சொன்னவள் அவள்தான்.

ஆள் எடுக்காவிட்டால் ஒரு வகுப்போடு போகாது. கீழ் வகுப்பில் தொடங்கி வைக்க யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு மனம் மாறினாலும், 4ஆம் வகுப்பில் வில் பிடிப்பவன் 12ஆம் வகுப்பு மேடைக்கு வர எட்டு ஆண்டு வேண்டும்.

சிகாகோவில் வால்டர் டையட் என்றொரு பள்ளி இசை ஆசிரியர் இருந்தார். அவரே வயலின் வாசித்தவர். 1930களில் தொடங்கி ஏறக்குறைய 30 ஆண்டுகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் பெயர்பெற்ற ஜாஸ் இசைக் கலைஞர்கள் நாட் கிங் கோல், டைனா வாஷிங்டன், ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். பின்னாளில் அவர் பெயரில் அமைந்த உயர்நிலைப் பள்ளியை நிர்வாகம் மூடியபோது, பெற்றோரும் ஊர்க்காரர்களும் 2015இல் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2016இல் அது கலைப் பள்ளியாக மீண்டும் திறந்தது.

நம்மிடம் யாரும் உண்ணாவிரதம் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய் மாலை 7 மணிக்குப் போர்டு கூட்டம். ஒருவர் 3 நிமிடம் பேசலாம். திங்கள் மதியத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பேசத் தயக்கமாக இருந்தால் பிள்ளை பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 11ஆம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்திருக்கும். ஆர்க்கெஸ்ட்ராவை அதில் அடித்துவிடாதீர்கள்.

என் இளையவள் வயோலா வாசிக்கிறாள். அவள் படிவத்தில் நேற்று இரவு கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு தாய்