ஒயின் இதயத்துக்கு மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி, "நெஞ்சுக்கு நல்லது, தினம் கொஞ்சம் குடிங்க ஆத்தா" என்று பாசத்தோடு கொடுத்துப்போன சிவப்பு ஒயின் பாட்டில், எழுபதைக் கடந்த எங்கள் தாயாரின் ரத்த அழுத்த மாத்திரை அட்டைகளுக்குப் பக்கத்தில், இரண்டாங்கட்டு அலமாரியில் இருந்ததைக் கண்டு பதறிப்போனேன்.

மிதமாகக் குடிப்போருக்கு மாரடைப்பு குறைவு என்று பழைய ஆய்வுகள் காட்டியதற்கு, அவர்களது வசதியான வாழ்க்கையும், நோயினால் குடியை விட்டவர்களையும் குடிக்காதவர்கள் கணக்கில் சேர்த்ததும் பெருமளவு காரணங்கள். எந்த அளவு மதுவும் இதயத்துக்கு நல்லதல்ல என்று உலக இதயக் கூட்டமைப்பு 2022இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. முதுமையில் பெண்களின் உடலில் நீர்ச்சத்து குறைவதால், அதே அளவு மது ரத்தத்தில் கூடுதல் செறிவோடு தங்குகிறது. மார்பகப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. இதயநோய் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதுபற்றி விரிவான கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

ஒரு வாசகி, தேவகோட்டை