ரதி மேடையேறியபோது அண்ணன் பஸ்ஸில் இருந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவராத்திரி நெருங்குகிறது. இனிப் பல்கலைக்கழகங்களில் வாணி விழா, புதுமுக மாணவர் வரவேற்பு, கலைவிழா, தை பிறந்தால் பொங்கல் விழா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வட்ஸ்அப்பில் போஸ்டர்கள் சுற்றத் தொடங்கிவிட்டன. விழா முடிந்த கையோடு உங்கள் பத்திரிகையிலும் படம் வரும். குத்துவிளக்கு ஏற்றும் படம், பொன்னாடை போர்த்தும் படம். ஆடிய பிள்ளையின் படம் வந்தால் அது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். விழாக்குழு மாணவர்கள் நிகழ்ச்சி நிரல் எழுத உட்காருவதற்கு முன்னால் கண்ணில் படட்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

என் அண்ணன் மகள் ஒரு வளாகத்தில் படிக்கிறாள். எந்த வளாகம் என்று எழுதப்போவதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று வளாகங்களில் படிக்கிறார்கள், எல்லாப் பெற்றோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்.

போன வருஷக் கலைவிழாவுக்கு அவளும் கூட்டாளிகளும் ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை இருபது நிமிடத்துக்குச் சுருக்கி மேடையேற்றினார்கள். ரதி வேடம் இவளுக்கு. தோட்டத்தில் ரதி வேடம் ஆம்பிளைகள் கட்டுவது. அண்ணனும் இளவட்டமாக இருந்த காலத்தில் பல வருஷம் ரதி கட்டியவர். மாசி அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியன்று காமனை எரிக்கும் வரை அவர் விரதம். அப்படிப்பட்டவர் மகளுக்கு ரதி ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது போனில். போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, தப்புப் பறை கைவசம் இல்லாததால் பழைய பிஸ்கட் தகரத்தைத் தட்டித் தாளம் காட்டுவார். "அப்பா, திரும்புற எடத்துல ஒரு அடி இடிக்குது" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொல்வாள். இவர் மறுபடி தட்டுவார். "மணி பத்தாச்சுண்ணே, வெடிஞ்சா பெரட்டு இருக்கு" என்று, விடியற்காலை ஆளெடுப்பை நினைவூட்டி, எங்கள் வரிசை வீடான லயத்தின் அடுத்த காம்பராவிலிருந்து குரல் வரும். இப்படி மூன்று வாரம்.

விழா ஒரு சனிக்கிழமை. திகதி உறுதியானது அதற்கு முந்திய புதன் இரவு. தோட்டத்தில் சனிக்கிழமையும் வேலை நாள்தான் என்பது விழாக்குழுவில் யாருக்கும் நினைவில்லை போலும். அண்ணனுக்குச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை, அண்ணிக்குக் கொழுந்து பறிப்பு, இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு, என்னையும் சேர்த்து மூன்று பேர், இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

போஸ்டரில் பிற்பகல் 3.30 என்று இருந்தது. நாங்கள் மூன்று மணிக்கே போய்விட்டோம். அப்போதுதான் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரதம விருந்தினர் வந்து விளக்கேற்றும்போது 5.15. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரைகள், சிறப்புரை. இடையிடையே ஏழு பொன்னாடை. எண்ணியது அண்ணி. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளையே பார்த்துப் பழகிய கண், எதையும் கணக்கு வைக்காமல் விடாது. முதல் நிகழ்ச்சி தொடங்கியபோது ஏழு மணி தாண்டிவிட்டது. பதினான்கு நிகழ்ச்சிகளில் காமன் கூத்து பதினோராவது.

7.40க்கு எழும்பினால்தான் எங்கள் கடைசி பஸ். அதையும் விட்டால் ஓட்டோதான், அந்தத் தூரத்துக்கு ஓட்டோக்காரர் கேட்கும் காசை இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள். அரிதாரம் பூசிய முகத்தோடு பிள்ளை பின்வாசலுக்கு ஓடிவந்தாள். "அழுதா மை கலைஞ்சிரும்" என்று அண்ணி அதட்டினார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. இடக்கை விரலால் தொடையில் தாளம் தட்டிக் காட்டி, "அந்தத் திரும்புற எடம்" என்றார், அவ்வளவுதான். அவள் மேடையேறியபோது நாங்கள் பஸ்ஸில் இருந்தோம். கூட்டாளி ஒருத்தி நேரலையில் காட்ட முயன்றாளாம். மலைப்பாதையில் சிக்னல் எங்கே கிடைக்கிறது? மறுநாள் வீடியோ வந்தது. கூட்டத்தின் விசில் சத்தத்தில் பாட்டு ஒரு வரியும் கேட்கவில்லை. அண்ணன் அதை இன்னும் அழிக்கவில்லை.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பரீட்சைக்கும் பரீட்சைக்கும் நடுவில், அனுசரணைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, மண்டபத்துக்கு அனுமதி வாங்கி அந்தப் பிள்ளைகள் படும் பாடு தெரியும். மண்டபம் கடைசி நேரத்தில் கிடைத்தால் திகதியும் கடைசி நேரத்தில்தான் வரும். ஆனால் உரைகளின் எண்ணிக்கை அவர்கள் கையில் இருக்கிறது. நிகழ்ச்சிகளின் வரிசையும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கம்பஸ் மேடை என்றால் என்ன என்று நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்த பிறகு, மகாவலிக் கரையில் நடந்ததைப் பாருங்கள். சிங்கள மாணவர்கள் 'வள' என்று சொல்லும் திறந்தவெளி அரங்கில், மரநிழல் சரிவில் உட்கார்ந்து, சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் நாடகங்களை ஒரு தலைமுறையே பார்த்தது. இன்று அந்த அரங்குக்கு அவர் பெயர். அதே வளாகத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைக் கையில் எடுத்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடியவை. படித்தவர்கள் முகம் சுளித்த ஒரு கலைக்கு அவர் மேடை கொடுத்தார். அதற்காக, விடிய விடிய ஆடும் கூத்தை ஒரே மாலையில் பார்த்து முடிக்கும் அளவுக்குச் சுருக்கினார்.

விடிய விடிய ஆடிய கூத்தையே சுருக்கத் தெரிந்த பரம்பரைக்கு ஒரு வரவேற்புரையைச் சுருக்க முடியாதா?

மியூசிக்கல் ஷோ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இருபது வயதில் ஆடாமல் எப்போது ஆடுவது? என் வகுப்பு மாணவர்களே கம்பஸ் போனதும் அதைப் பற்றித்தான் முதலில் கதைக்கிறார்கள். அது இரவு எட்டு மணிக்குத் தொடங்கட்டும், பத்து வரை போகட்டும். விடுதி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் லயத்திலிருந்து வந்தவர்களுக்கு விடுதி கிடையாது. அவர்கள் பார்க்க வந்த ஆட்டம் நான்கு மணிக்கு மேடையேற வேண்டும். விருந்தினருக்குப் பேச ஆசையிருந்தால் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில், திரைக்குப் பின்னால் பிள்ளைகள் வேடம் மாற்றும் ஐந்து நிமிடத்தில் பேசட்டும். முன்வரிசைக் கதிரையில் ஒன்றிரண்டை அண்ணன் மாதிரி ஆட்களுக்கு விடலாம். பொன்னாடை வேண்டாம். ஒத்திகைக்கு ஒருநாள் கூப்பிட்டு, பஸ் காசு கொடுத்து, தப்பைக் கையில் கொடுத்தால் போதும். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் தெரிந்தவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இன்னும் இருக்கிறார்கள், பிஸ்கட் தகரத்தைத் தட்டிக்கொண்டு.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், ஐயா. முடிந்த விழாவின் படத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். வரப்போகும் வளாக விழாக்களின் திகதி, இடம், தொடங்கும் நேரம் இவற்றை வாரம் ஒருமுறை நான்கு விரல் அகலத்தில் போட முடியுமா? பத்திரிகையில் அச்சாகிவிட்டால் விழாக்குழுவும் திகதியை நினைத்தபடி மாற்றத் தயங்கும். கங்காணியிடம் அந்தத் துண்டைக் காட்டி முன்கூட்டியே லீவு சொல்லலாம். போனில் வந்த போஸ்டரைக் காட்டினால் "பொறகு பாப்போம்" என்பவர், பேப்பரில் வந்ததற்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறார். ஏனென்று கேட்காதீர்கள், எங்கள் தோட்டத்தில் அப்படித்தான்.

இந்த வருஷமும் பிள்ளைதான் ரதி கட்டுகிறாள். போன கிழமை அண்ணன் எங்கேயோ இரவல் கேட்டு ஒரு தப்பு கொண்டுவந்து அடுப்பங்கரையில் தொங்கவிட்டிருக்கிறார், தோல் காயட்டுமென்று. திகதி இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.