வலி மனசுக்கு கட்டுப்படுமா?

ஆசிரியருக்கு வணக்கம், பாம்பன்லேர்ந்து எழுதுறேன். போன வாரம் கரைவலை இழுக்கையில என் மச்சான் கால்ல திருக்கை மீனோட முள்ளு ஏறிருச்சு, அவரு துடிச்சு கத்துறாரு, சுத்தி நின்னவங்க "ஆம்பளைதானே, மனச அடக்குனா வலி அடங்கிரும்"னு சொன்னாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப வேதனையா போச்சு. எப்படிங்க அடங்கும்? சுடுசட்டிய தொட்டா கை படக்குனு விலகுதே, அந்த உத்தரவு தண்டுவடத்துலயே போட்டு முடிஞ்சிருது, சுட்டுச்சுன்னு மூளைக்கு தெரியறதே அதுக்கப்புறம்தான், இதுல நம்மள எங்க கேக்குது? நெனச்சப்ப நிறுத்துற மாதிரி வலி இருந்தா முள்ளோடயே நடந்து கால் புரையோடிரும். பொறவியிலயே வலி தெரியாத பிள்ளைங்க இருக்காங்க, நாக்க கடிச்சுக்குவாங்க, எலும்பு முறிஞ்சும் தெரியாம நடப்பாங்க, பாவம்.

அடிபட்ட எடத்த தேய்ச்சா கொஞ்சம் கொறையும், தொடுற உணர்வு வலிச் சேதிய தண்டுவடத்துலயே மறிக்குதுன்னு 1965லயே மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுதிட்டாங்க. பயந்தா கூடும், கவனம் மாறுனா கொறையும், நம்ம கையில அவ்வளவுதான்.

திருக்கை குத்துனா திட்டாதீங்க, 45 டிகிரிக்கு மேல போகாம தாங்குற சூட்டு வெந்நீர்ல கால முக்கி வச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போங்க. இத தயவுசெஞ்சு உங்க பேப்பர்ல போடுங்க.

இப்படிக்கு,
வாசகர், பாம்பன்