எழுத்து மாறாமலும் புற்றுநோய் வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோயும் மரபணுவும் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை எளிமையாக இருந்தது, சரி. ஆனால் டிஎன்ஏவில் எழுத்து மாறிப்போவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதுபோல முடித்துவிட்டீர்கள். ஒரு எழுத்துகூட மாறாமல், எந்த மரபணு ஓட வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்ற குறி குழம்பினாலே கட்டி வளர வழி பிறந்துவிடும். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெரும்பாலான மரபணுக்களில் அப்பா தந்த பிரதியும் அம்மா தந்த பிரதியும் சேர்ந்தே வேலை செய்யும். நூற்றுச் சொச்சம் மரபணுக்களில் மட்டும் ஏதாவது ஒன்றுதான். எது என்பதற்கான மெத்தில் குறி, அதாவது டிஎன்ஏமேல் ஒட்டும் ஒரு சின்ன வேதித் துணுக்கு, கருமுட்டையிலோ விந்தணுவிலோ பெரும்பாலும் முன்பே விழுந்துவிடும். இதுதான் இம்பிரிண்டிங். 11ஆம் குரோமோசோமில் உள்ள ஐஜிஎஃப்2வை எடுத்துக்கொள்ளுங்கள், செல்களை வளரத் தூண்டும் புரதத்துக்கான மரபணு அது, பெரும்பாலான திசுக்களில் அப்பா பிரதி மட்டும்தான் இயங்கும். அம்மா பிரதியில் சிடிசிஎஃப் என்ற புரதம் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தள்ளி இருக்கும் தூண்டுபகுதி (மரபணுவை முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டு) ஐஜிஎஃப்2வை எட்டாதபடி மறித்துவிடும். அப்பா பிரதியில் அதே இடத்தில் மெத்தில் ஒட்டியிருப்பதால் சிடிசிஎஃப்பால் உட்கார முடியாது. இப்போது அம்மா பிரதியிலும் அங்கே மெத்தில் ஏறிவிட்டால்? மறிப்பு போய்விடும், இரண்டு பிரதியும் ஓடும், வளர்ச்சிப் புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கும், போதாக்குறைக்கு அம்மா பிரதியிலிருந்து மட்டும் இயங்க வேண்டிய பக்கத்து மரபணுவான எச்19 அடங்கிவிடும்.

குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியில் இரண்டு பிரதியும் ஓடுவதை 1993இலேயே கண்டார்கள். உடல் அளவுக்கு மீறி வளரும் பெக்வித்-வீடமன் என்ற பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளில் சிலருக்கு இந்தக் குழப்பம் பிறக்கும்போதே இருக்கும். அவர்களுக்குச் சின்ன வயதில் விட்டுவிட்டு வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வது வில்ம்ஸ் போன்ற கட்டிகளைச் சீக்கிரமே கண்டுபிடிக்கத்தான்.

இது மட்டுமே புற்றுநோயைக் கொண்டுவந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குடலில் கட்டி வராமல் தடுக்கும் ஏபிசி (APC) மரபணுவில் ஏற்கெனவே எழுத்துப் பழுதுள்ள சுண்டெலிகளில் ஐஜிஎஃப்2வின் இம்பிரிண்டிங்கையும் கெடுத்துப் பார்த்தபோது குடல் கட்டிகள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின, குடல் உட்சுவரில் முதிராத செல்களும் கூடின. அதாவது எழுத்துப் பழுதும் குறிக் குழப்பமும் கைகோக்கின்றன. உங்கள் கட்டுரை பாதிக் கதையைத்தான் சொன்னது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. 'ஜீன் டெஸ்டில் ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி' என்ற தொனி எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கமான பரிசோதனை எழுத்துகளைத்தான் படிக்கும், மெத்தில் குறியைப் பார்க்கத் தனிப் பரிசோதனை வேண்டும். அதிலும் குழப்பம் உடம்பின் சில செல்களில் மட்டும் இருந்தால் இரத்தத்தில் தெரியாமலே போகலாம்.

அப்புறம், மெத்தில் குறிதானே, அழித்துவிட்டால் போச்சு என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சில இரத்த நோய்களுக்குத் தரும் அசாசிடிடின் மெத்திலைக் குறைக்கும்தான், ஆனால் இந்த இடத்தில் மட்டும் அழி என்று அதற்குச் சொல்ல முடியாது. அடுத்த இதழில் மரபியல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதை விரிவாக எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்